மடக்குப் போன்: முதல் மாதம் சொன்னதும் அடுத்த போன் சொன்னதும்

ஒரு சாமான் நல்லதா கெட்டதா என்று விற்றவனிடம் கேட்டுப் பயனில்லை, வாங்கிப் பாவித்தவரிடம்தான் கேட்க வேண்டும் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் பாவித்தவரிடம் எப்போது கேட்பது என்பதை யோசிப்பதில்லை. வாங்கிய மாதத்தில் கேட்டால் ஒரு பதில் வரும். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் வேறொரு பதில் வரும். இரண்டும் பொய்யல்ல. எந்தப் பதிலை நம்பிச் சரக்கு எடுப்பது என்பதில்தான் சிறு வியாபாரியின் முதல் தங்கியிருக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. திரையே இரண்டாக மடியும் புதிய போன்கள் வந்து சில வருடங்களாகின்றன. எமது பகுதியில் போன் கடை வைத்திருக்கும் இளம் சகோதரர்கள் சிலர், "நானா, இதுல ரெண்டு மூணு எடுத்து வெச்சுப் பாக்கலாமா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல, இருபது வருடத்துக்கு முன் வந்த பழைய மடக்குப் போனின் கதை உதவும். இரத்தினபுரி நகரில் பென்சிச் சாமான்களோடு போன் உதிரிச் சாமான்களும் விற்கும் சிறிய கடை என்னுடையது. முகப்பில் பழுது பார்க்கும் மேசையும் உண்டு. ஆகவே வாங்கியவர்கள் பெருமை பேசியதையும் கேட்டேன், பழுதோடு வந்தபோது சொன்னதையும் கேட்டேன்.

வந்த கதை

மடக்குப் போன் கெமராவுக்கு முந்தியது. மோட்டோரோலா கம்பனி 1996இல் ஸ்டார்டெக் என்ற மடக்குப் போனைக் கொண்டுவந்தது. போனில் கெமரா வைத்து விற்பதில் ஜப்பான் முந்திக்கொண்டது. ஷார்ப் கம்பனி செய்த ஜே-எஸ்எச்04 என்ற போன் 2000ஆம் ஆண்டு நவம்பரில் அங்கு விற்பனைக்கு வந்தது. அதன் கெமரா 1 இலட்சத்து 10 ஆயிரம் புள்ளிகள் கொண்டது. 2002இல் நோக்கியா 7650 வந்தது. 2003இல் சாம்சங் இ700 என்ற மடக்குப் போன் கெமராவோடு வந்தது. 2004இல் மோட்டோரோலா ரேசர் வி3 வந்தபோதுதான் உலகமே மடக்குப் போன் பக்கம் திரும்பியது.

வி3 போனின் தடிப்பு 13.9 மில்லிமீற்றர், எடை 95 கிராம், உடல் அலுமினியம். எழுத்துப் பலகை ஒரே உலோகத் தகட்டில் வெட்டப்பட்டிருந்தது. கெமரா 640க்கு 480 புள்ளி, அதாவது 3 இலட்சத்து 7 ஆயிரத்து 200 புள்ளிகள். உள்ளே சுமார் 5.5 எம்.பி. இடம்தான் இருந்தது. மெமரி கார்ட் போட இடமில்லை. அமெரிக்காவில் கம்பனி ஒப்பந்தத்தோடு வாங்கினாலே ஆரம்ப விலை 500 டொலர் அளவில் இருந்தது.

எமது நாட்டில் செல்டெல் 1989இலும், டயலொக் 1995இலும் சேவையைத் தொடங்கியிருந்தாலும், நெடுங்காலம் கைப்போன் என்பது வசதியுள்ளவர் சாமானாகவே இருந்தது. ஆரம்ப காலத்தில் வருகிற அழைப்புக்கும் காசு போனது. வாசகர்களில் மூத்தவர்களுக்கு "மிஸ் கோல்" கொடுத்த காலம் நினைவிருக்கும். அப்போது ஒரு டொலர் சுமார் 100 ரூபா. 500 டொலர் என்றால் 50,000 ரூபா. 2006 டிசம்பரில் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சம்பளம் கூடியபோதும் தோட்டத் தொழிலாளி ஒருவரின் நாட்சம்பளம் எல்லாம் சேர்த்து 260 ரூபாதான். அந்தக் கணக்கில் ஒரு போனுக்கு 190 நாளுக்கு மேல் உழைக்க வேண்டும். ஆகவே புதிய மடக்குப் போன் கல் வியாபாரிகளிடமும் நகரத்து முதலாளிமாரிடமும்தான் முதலில் வந்தது. தோட்டங்களுக்கு அது பழைய போனாக, அல்லது மத்திய கிழக்கில் வேலை செய்த உறவினர் கொண்டுவந்த அன்பளிப்பாகத்தான் போய்ச் சேர்ந்தது.

கல் வியாபாரிகள் சொன்னது

முதல் மாதத்தில் கேட்டால் கல் வியாபாரிகளிடம் புகழ்ச்சிதான். சட்டைப் பையில் தட்டையாகக் கிடக்கும், ஒரு விரலால் திறக்கலாம், பேசி முடித்து "டக்" என்று மூடினால் அழைப்பு நின்றுவிடும் என்பார்கள். மூடியிருந்தாலும் வெளிப்பக்கச் சிறிய திரையில் யார் அழைக்கிறார் என்று தெரியும். பையில் தானாக எண் அழுத்துப்பட்டு அழைப்புப் போகாது. இவையெல்லாம் உண்மையான வசதிகள். சபையில் மதிப்பும் கிடைத்தது. விலை பேசும்போது அந்தப் போனைத் திறந்து மூடுவதே ஒரு தோரணையாக இருந்தது.

ஆனால் அவர்கள் அந்த விலை கொடுத்ததற்குச் சொன்ன முக்கிய காரணம் கெமரா. தெமுவாவத்தைச் சந்தையில் காலையில் ஒரு கல் கைக்கு வந்தால், படம் பிடித்துப் பேருவளை சீனன்கோட்டைக்கோ கொழும்புக்கோ அனுப்பி, பார்ட்டி விரும்புகிறாரா என்று அறியலாம், பஸ் ஏறத் தேவையில்லை என்று எண்ணினார்கள். எண்ணம் பிழையல்ல. இன்று நாம் செய்வதும் அதுதான். அந்தக் கெமராவால்தான் அது முடியவில்லை.

அந்தக் காலத்துப் போன் கெமராவின் லென்ஸ் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் தன்னைச் சரிசெய்யாது. கிட்டக் கொண்டுபோனால் படம் மங்கும். அரை மீற்றர் தள்ளிப் பிடித்தால் தெளிவு வரும். ஆனால் அந்தத் தூரத்தில் படத்தின் அகலத்துக்குள் ஏறக்குறைய அரை மீற்றர் இடம் அடங்கிவிடும். அகலத்தில் 640 புள்ளிகள்தான் உண்டு. 8 மில்லிமீற்றர் அகலமான நீலக்கல்லுக்கு அதில் கிடைப்பது பத்துப் புள்ளி! பத்துப் புள்ளியில் வெடிப்பைப் பார்ப்பதா, பட்டையைப் பார்ப்பதா? கெட்டிக்காரர் சிலர் கல் பார்க்கும் பத்து மடங்கு கண்ணாடியைக் கெமராவுக்கு முன் பிடித்து எடுத்தார்கள். உருவம் பெரிதானது. நிறம் சரியாகவில்லை.

நிறம்தான் கல்லின் விலை. நீலத்தில் ஒரு பிடி கூடினால், குறைந்தால் இலட்சக்கணக்கில் மாறும். கெமரா வெளிச்சத்தைத் தன் கணக்குக்குச் சரிசெய்துகொள்ளும். வெள்ளைக் கடதாசியில் வைத்தால் ஒரு நீலம், கைவிரலில் வைத்தால் வேறு நீலம், கடைக்குள் டியூப் லைட்டில் இன்னொரு நீலம். அலெக்சாண்ட்ரைட் பகல் வெளிச்சத்தில் பச்சையாகவும் பல்ப் வெளிச்சத்தில் சிவப்பாகவும் தெரியும் கல். அதை ஒரு படத்தில் எப்படிக் காட்டுவது? வைடூரியத்தின் கோடு கல்லை அசைக்கும்போது ஓடுவதில்தான் அதன் மதிப்பு. நின்ற படத்தில் கோடு ஓடுமா?

எனது கடைக்கு வரும் ஒரு வியாபாரி அப்போது சொன்னார்: "படத்தப் பாத்து ஆசப்பட்டுத்தான் வந்தான். கல்லக் கையில குடுத்ததும், நானா, இது அந்தக் கல் இல்ல எண்டுட்டான். நான் கள்ளன் மாதிரி நிண்டேன்." இந்த வார்த்தையைப் புதிய வியாபாரிகள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். படம் கல்லை விட அழகாக வந்ததால் அவருக்கு நஷ்டம். விற்பனை போனதோடு, பெயருக்கும் ஒரு கீறல் விழுந்தது.

படம் மங்கலாக வந்து நல்ல கல் விலை போகாமல் நின்றதும் உண்டு. இரண்டுக்கும் பின் பெரும்பாலானோர் அந்தக் கெமராவைக் குடும்பப் படம் எடுக்க விட்டுவிட்டு, பழையபடி கல்லைக் கடதாசியில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

தோட்டத்தில் சொன்னது

தோட்டத்தில் மடக்குப் போன் வைத்திருந்தவர்களின் கருத்து வேறு திசையில் இருந்தது. கெமராவைப் பற்றி அவர்கள் குறை சொல்லவில்லை. மாறாக, அதுதான் அவர்களுக்குப் பிடித்தது. லயத்தில் ஒரு குழந்தையின் படம் எடுக்க முன்பு ஸ்டூடியோவுக்குப் போக வேண்டும், பஸ்ஸுக்கும் படத்துக்கும் காசு வேண்டும். இப்போது கையிலேயே எடுக்கலாம். படம் சிறியது, மங்கல் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. வெளிநாட்டில் தாய் இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சின்னத் திரையில் தெரியும் முகமே போதும்.

குறை மற்றவற்றில் இருந்தது. பலாங்கொடை பக்கம் ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சொன்னார்: "முதலாளி, இது டவுனுக்கு ஏத்த போன். மலைக்குக் கொண்டு போக முடியாது." காரணத்தையும் சொன்னார். பிரட்டுக் களத்தில் இருட்டோடு நிற்கும்போது டோர்ச் வேண்டும், இதில் இல்லை. ஒரு கையில் பேரேடு, மறுகையால் திறக்கும்போது கீழே விழுகிறது. கொழுந்து மடுவத்தில் நிறுவை நடக்கும் நேரம் இரைச்சலில் மணி கேட்பதில்லை. மேட்டில் ஒரு இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும், பள்ளத்தில் இறங்கினால் போய்விடும். சிக்னலைத் தேடித் தேடிப் பற்றரியும் இறங்கிவிடும். கடைசிக் குறை எல்லாப் போனுக்கும் பொதுவானது என்றாலும், மெல்லிய போனில் பற்றரியும் சிறியது என்பதால் சீக்கிரம் தெரிந்தது.

கேகாலைப் பக்கம், யட்டியாந்தோட்டை, தெரணியகலை இறப்பர் தோட்டங்களில் பால் வெட்டும் ஒருவரின் விரலில் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். தட்டையான எழுத்துப் பலகையில் எந்த எழுத்தை அழுத்துகிறோம் என்று அந்த விரலுக்குத் தெரிவதில்லை. மேலும் அந்தப் போன்களில் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்து இல்லை. எஸ்.எம்.எஸ். அனுப்புவதென்றால் தமிழை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். பாடசாலைப் பிள்ளைகள் எழுதினார்கள், பெரியவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

பழுது மேசை சொன்னது

மடக்குப் போனுக்கு எந்தக் கம்பனி என்ற பேதமில்லாமல் ஒரு பொது நோய் இருந்தது. மேல் பாதியில் திரை, கீழ்ப் பாதியில் மூளையும் பற்றரியும். இரண்டையும் இணைப்பது பிணைச்சல் வழியாகப் போகும் ஒரு மெல்லிய ரிப்பன். ஒரு வியாபாரி நாளுக்கு நூறு தடவை திறந்து மூடினால், வருடத்துக்கு முப்பத்தாறாயிரம் தடவைக்கு மேல் அந்த ரிப்பன் மடிகிறது. ஒரு நாள் உள்ளே கம்பி வெடிக்கும். திரை வெள்ளையாகும், அல்லது பாதி திறந்தால் தெரியும், முழுதாகத் திறந்தால் மறையும். பேச்சு மட்டும் ஒழுங்காகக் கேட்கும்.

இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. பிணைச்சல் இடுக்கில் ஈரம் போகும். மாணிக்கக் குழிப் பக்கம் போய் வருபவருக்கு மண்ணும் போகும். ரிப்பன் மாற்றுவது நுணுக்கமான வேலை. முழுப் போனையும் கழற்ற வேண்டும், உதிரிச் சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும், கூலியும் கூட. மெமரி கார்ட் இல்லாத போனாக இருந்தால் படமும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். "போன் போனாப் போகட்டும், அதுல இருந்த வாப்பாட படத்த எடுத்துத் தாங்க" என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. புளூடூத் வழியாக முன்பே வேறு போனுக்கு அனுப்பி வைத்திருந்தவர்களுக்குப் படம் தப்பியது.

இத்தனைக்கும், பழுதோடு வந்தவர்களில் பலர் போனைக் குறை சொல்லவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. "கீழ விழுந்திட்டு", "புள்ளயள் கையில குடுத்தது என்ட பிழை" என்றார்கள். பெரிய விலை கொடுத்த சாமானைக் குறை சொன்னால், தன் தெரிவைத் தானே குறை சொன்னதாகிவிடும். இந்த மனித சுபாவத்தை வியாபாரிகள் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் குறை சொல்லவில்லை என்பதற்காகச் சாமான் நன்று என்று எடுத்துக்கொள்ள முடியாது.

விலை விழுந்த வேகம்

500 டொலருக்கு வந்த போன் இரண்டு வருடத்துக்குள் அமெரிக்காவில் ஒப்பந்தத்தோடு 100 டொலர் அளவுக்கு இறங்கியது. அதே தோற்றத்தில் சீனப் போலிகளும் சந்தைக்கு வந்தன. மெல்லிய தோற்றம் என்ற ஒன்றை நம்பி விலை வைத்த சாமான், அந்தத் தோற்றத்தை யாரும் செய்யலாம் என்றானதும் மதிப்பிழந்தது. உயர்ந்த விலையில் எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்த கடைக்காரருக்கு அது நேரடி நஷ்டம். தேங்காய் எண்ணெய் விலை விழுந்தால் மறுபடி ஏறும் என்று காத்திருக்கலாம். போன் விலை விழுந்தால் ஏறாது.

அடுத்த போன் சொன்ன பதில்

இனி முக்கிய விஷயத்துக்கு வருவோம். மடக்குப் போன் பழுதானபின் அந்த வாடிக்கையாளர் அடுத்து எதை வாங்கினார்? வாய் திறந்து குறை சொல்லாதவரும் இதில் தன் உண்மைக் கருத்தைச் சொல்லிவிடுகிறார்.

எனது மேசைக்கு வந்தவர்களில் கணிசமானோர் மறுபடி மடக்குப் போன் வாங்கவில்லை. தோட்டப் பக்கத்தவரும், குழிக்குப் போய்வரும் கல் வியாபாரிகளும் போனது நோக்கியா 1100 போன்ற கட்டைப் போனுக்குத்தான். 2003இல் வந்த அந்தப் போனில் கெமரா இல்லை, நிறத் திரையும் இல்லை. ஆனால் டோர்ச் இருந்தது. தூசி போகாதபடி எழுத்துப் பலகை ஒரே இறப்பர் துண்டால் மூடப்பட்டிருந்தது. பக்கங்கள் கையில் வழுக்காதபடி செய்யப்பட்டிருந்தன. மடியும் பாகம் இல்லாததால் உடையும் ரிப்பனும் இல்லை.

உலகக் கணக்கும் இதையே சொல்கிறது. ரேசர் வி3 வகைகள் 13 கோடிக்கு மேல் விற்றன. அது சாதாரண வெற்றியல்ல. ஆனால் யாரும் பெருமையாகக் காட்டாத நோக்கியா 1100 உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது.

மோட்டோரோலாவின் பிற்காலமும் ஒரு பாடம். ஒரே போனின் புகழில் 2006இல் உலகில் இரண்டாமிடத்தில் இருந்த கம்பனி, அதே உருவத்தில் நிறம் மாற்றி, எண் மாற்றித் தொடர்ந்து விற்றது. 2007இல் அப்பிளின் ஐபோன் வந்தது. மோட்டோரோலாவின் கைப்போன் பகுதி 2011இல் தனிக் கம்பனியாகப் பிரிந்தது. கூகிள் 2012இல் அதை 1,250 கோடி டொலருக்கு வாங்கியது. 2014இல் கைப்போன் வியாபாரம் 291 கோடி டொலருக்கு லெனோவோவிடம் போனது. முதல் மாதப் புகழை நிரந்தரம் என்று எண்ணினால் இவ்வளவு பெரிய முதலாளிக்கும் இதுதான் நடக்கும்.

இன்றைய மடக்குப் போன்

2019இல் சாம்சங் தன் முதல் மடியும் திரைப் போனை வெளியிட இருந்த வேளையில், பரீட்சித்துப் பார்க்கக் கொடுத்த சிலவற்றின் திரை பழுதானதால் விற்பனையைச் சில மாதம் தள்ளிப்போட்டது. 2020இல் அதன் ஸெட் ஃபிளிப் போனும், மோட்டோரோலாவின் புதிய ரேசரும் வந்தன. ஸெட் ஃபிளிப் இரண்டு இலட்சம் தடவை மடிக்கத் தாங்கும் என்று கம்பனி சொன்னது. நாளுக்கு நூறு தடவை என்றால் ஐந்து வருடத்துக்கு மேல். நல்ல முன்னேற்றம்தான். கெமராவும் அந்தக் காலத்தோடு ஒப்பிட முடியாத தரம். இன்று கல்லை விரலிடுக்கில் வைத்து அசைத்து வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினால், வைடூரியத்தின் கோடு ஓடுவது கூடத் தெரிகிறது.

ஆனால் கல்லின் நிறம் இன்றும் வெளிச்சத்துக்கு வெளிச்சம், திரைக்குத் திரை மாறித்தான் தெரிகிறது. அனுபவமுள்ளவர்கள் வீடியோவைப் பார்த்து ஆளை அழைக்கிறார்கள், விலையைக் கல்லைப் பார்த்தபின்தான் முடிக்கிறார்கள். பிணைச்சலும் இன்றும் பிணைச்சல்தான். மண், ஈரம், கீழே விழுதல் எல்லாம் முன்போலவே இருக்கின்றன. திரை மடியும் இடத்தில் உடைந்தால் ரிப்பன் மாற்றுவதோடு முடியாது, முழுத் திரையையும் மாற்ற வேண்டும்.

ஆகவே கேட்ட சகோதரர்களுக்கு எனது யோசனை இதுதான். கேட்டு வருபவருக்கு ஓர்டரின் பேரில் முற்பணம் வாங்கி எடுத்துக் கொடுங்கள். கண்ணாடிப் பெட்டியில் உங்கள் முதலைப் பூட்டி வைக்காதீர்கள். திரைக்கு உத்தரவாதம் எவ்வளவு காலம், பழுதானால் எங்கே திருத்துவது, என்ன செலவாகும் என்பதை விற்கும்போதே எழுதிக் கொடுங்கள். குழிக்கும் மலைக்கும் போகிறவர் வந்தால், இது உங்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லிவிடுங்கள். அன்று ஒரு விற்பனை குறையும். ஆனால் அவர் அடுத்த போனுக்கு உங்களிடமே வருவார்.

மற்றது, போன் வியாபாரிக்கு மட்டுமல்ல, துணி, பாத்திரம், மின்சாதனம் விற்கும் எல்லோருக்கும் பொருந்துவது. ஒரு சாதாரண கொப்பியில் இரண்டு நிரல் போடுங்கள். ஒருவர் முதலில் என்ன வாங்கினார், அதே தேவைக்கு அடுத்த முறை என்ன வாங்கினார். ஆறு மாதம், ஒரு வருடம் எழுதுங்கள். எந்தச் சாமானைப் புகழ்ந்துவிட்டு மறுபடி வாங்கவில்லை, எதைப் பற்றி ஒன்றும் பேசாமலே திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள் என்பது அந்தக் கொப்பியில் தெரியும். அடுத்த தடவை கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போகும்போது அதைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.